யுங்லின்ஸ்டரில் பிறந்த அலை

லக்சம்பர்க்கின் மொத்தப் பரப்பு 2,586 சதுர கிலோமீட்டர். இத்தனூண்டு நாட்டுக்கு 200 கிலோவாட் ஒலிபரப்பி எதற்கு? 1930களின் தொடக்கத்தில் யுங்லின்ஸ்டர் கிராமத்து மேட்டில் கோபுரங்கள் எழுந்தபோது விவரமறிந்தவர்களுக்கு விடை தெரிந்தே இருந்தது: பாரிஸுக்கும் லண்டனுக்கும் ஜெர்மனிக்கும் விளம்பரம் விற்க. அரசு உரிமம் தரும், முதலும் கேட்பவர்களும் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவார்கள், உரிமத்துக்கான பணம் கஜானாவுக்குப் போகும். 1924இல் அனென் சகோதரர்கள் தலைநகரில் தங்கள் வீட்டு மாடியறையில் பொழுதுபோக்காகத் தொடங்கிய வானொலி, ஏழே ஆண்டுகளில் இப்படியொரு நிறுவனமாகியிருந்தது.

1933 மார்ச்சில் வழக்கமான ஒலிபரப்பு தொடங்கியது. அலைநீளம் 1,191 மீட்டர். சர்வதேசப் பங்கீட்டில் லக்சம்பர்க்குக்குக் கிடைக்காத நெட்டலை அது. மற்ற நாடுகள் முணுமுணுத்தன. அலையோ சில மாதங்களில் 1,304 மீட்டருக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஆங்கில நிகழ்ச்சிகள் வந்தன. பிபிசியின் ஞாயிற்றுக்கிழமை அப்போது பிரசங்கமும் கனத்த இசையுமாகத்தான் இருக்கும். லக்சம்பர்க்கைத் திருப்பினால் நடன இசை, நகைச்சுவை, நடுவில் ஓவல்டின் விளம்பரம். நேரடி ஒலிபரப்புக்குத் தொலைபேசி இணைப்புத் தர பிரிட்டிஷ் தபால் துறை மறுத்துவிட்டது. நிகழ்ச்சிகளை லண்டனிலேயே பதிவு செய்து அனுப்பினார்கள்.

இந்த அலை அறிவியலுக்குள் நுழைந்த கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1933இல் நெதர்லாந்தின் ஐந்தோவனில் பிலிப்ஸ் நிறுவனப் பொறியாளர் பெர்னார்ட் டெல்லெகன் சுவிட்சர்லாந்தின் பெரோமூன்ஸ்டர் நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பின்னணியில் லக்சம்பர்க்கின் நிகழ்ச்சி மெல்ல ஒலித்தது. இரண்டும் வேறு வேறு அலைவரிசைகள், வானொலிப் பெட்டியிலும் கோளாறு இல்லை. சுவிஸ் அலை நெதர்லாந்துக்குப் போகும் வழியில் லக்சம்பர்க்கின் வானத்தைத் தாண்டியாக வேண்டும். அங்கே யுங்லின்ஸ்டரின் வலுவான அலை, மேலே அயனி மண்டலத்தின் எலெக்ட்ரான்களைச் சூடேற்றிக்கொண்டிருந்தது. ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப அந்தச் சூடும் ஏறி இறங்க, அவ்வழியே போன சுவிஸ் அலையில் அதன் சாயல் படிந்துவிட்டது. இதற்கு இயற்பியலில் இன்றும் 'லக்சம்பர்க் விளைவு' என்றே பெயர். இந்தச் சின்ன நாட்டின் பெயரை வானத்திலேயே எழுதிவைத்தது ஒரு விளம்பர நிலையம்!

போர் மூண்டதும் நடுநிலையைக் காப்பாற்றிக்கொள்ள 1939 செப்டம்பரில் ஒலிபரப்பை நிறுத்தினார்கள். பலனில்லை. 1940 மே மாதம் ஜெர்மானியர் நுழைந்தார்கள். அவர்களின் பிரச்சாரம் அதே கோபுரங்களிலிருந்து கிளம்பியது. 1944 செப்டம்பரில் நிலையம் அமெரிக்கப் படையின் கைக்கு வந்தது. அதன்பின் பகலில் அது நேச நாடுகளின் வெளிப்படையான குரல். டிசம்பரிலிருந்து நள்ளிரவுக்குப் பிறகு 1,212 மீட்டரில் வேறொரு குரல் எழுந்தது: ரைன்லாந்தில் ஒளிந்திருக்கும் ஜெர்மானிய எதிர்ப்பாளர்கள் பேசுவதுபோல. முதலில் உண்மைச் செய்திகளைச் சொல்லி நம்பிக்கையைச் சம்பாதித்தார்கள், பிறகு பொய்யைக் கலந்து பீதி கிளப்பினார்கள். எஜமானர் மாறினாலும் இயந்திரம் மாறவில்லை.

போருக்குப் பின் லாபம் பிரெஞ்சு நிகழ்ச்சிகளில் இருந்தது. அதனால் 1951இல் ஆங்கிலத்தை நெட்டலையிலிருந்து இறக்கி 208 மீட்டர் மத்திய அலைக்கு அனுப்பினார்கள். அது இரவில்தான் பிரிட்டனை எட்டும், அதுவும் பொங்கியும் தேய்ந்தும். அந்தத் தேய்வோடு பாப் பாடல் கேட்டே ஒரு தலைமுறை வளர்ந்தது. 208இல் ஆங்கிலம் 1991 டிசம்பரில் முடிந்தது. நெட்டலை 1972இல் பைட்வைலரின் புதிய நிலையத்துக்குக் குடிபோய், பிரான்ஸின் சமையலறைகளிலும் லாரிகளிலும் இன்னும் அரை நூற்றாண்டு பேசியது.

சொந்த மொழி? தொலைக்காட்சி 1955இலேயே தொடங்கியும், லக்சம்பர்கியத்துக்கு 1969இல் கிடைத்தது ஞாயிறு மதியம் ஒரு நிகழ்ச்சி மட்டுமே. தினசரி ஒளிபரப்புக்கு 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஊருக்கெல்லாம் பேசிய நாடு தன் வீட்டுப் பேச்சைக் கடைசியில்தான் வைத்தது; வியாபாரமாகப் பார்த்தால் நியாயம், எனக்கென்னவோ உறுத்துகிறது.

1985இல் அதே நாட்டில் செயற்கைக்கோள் நிறுவனம் ஒன்று உருவாகி, 1988 டிசம்பரில் முதல் ஆஸ்ட்ரா செயற்கைக்கோளை ஏவியது. எல்லை தாண்டும் தொழில் கோபுரத்திலிருந்து விண்வெளிக்கு இடம்பெயர்ந்தது. பழைய நெட்டலையை, மின்சாரச் செலவைக் காரணம் காட்டி, 2023 தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள்.