கல்லடுக்கு முதல் அறையடுக்கு வரை: திண்டுக்கல் வட்டாரக் கல்தளி மரபும் முன்னாக்கக் கட்டுமான வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

கட்டடத்தின் உறுப்புகளை வேறோரிடத்தில் முன்னதாகவே செய்து, களத்திற்குக் கொணர்ந்து, அடுக்கி இணைத்து மாடிகளை எழுப்பும் முறை முன்னாக்கக் கட்டுமானம் எனப்படும். இம்முறையை இருபதாம் நூற்றாண்டுத் தொழிற்சாலையின் விளைவாக மட்டும் காண்போர் உளர். நம் கோயில்களிலேயே இது முழுமை பெற்றிருந்தது என்போரும் உளர். திண்டுக்கல் வட்டாரக் கல்தளிகளின் உறுப்பமைப்பை இன்றைய முன்வார்ப்புக் கட்டடங்களோடு ஒப்பிட்டு, உறுப்புப் பகுப்பில் இரண்டும் நெருங்கி நிற்பினும் இணைப்பின் இயல்பில் அடிப்படையிலேயே வேறுபடுகின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: முன்னாக்கம், முன்வார்ப்பு, கல்தளி, தாடிக்கொம்பு, இணைப்பு, அடுக்குமாடி, பெரும்பாக்கம்.

முன்னுரை

தமிழகக் கட்டடக்கலை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கோயிலின் காலம், கொடையாளர், சிற்பம், சமயப் பின்னணி ஆகியவற்றைச் சார்ந்து அமைந்துள்ளன. ஒரு கல் எவ்விடத்தில் செதுக்கப்பட்டது, எந்நிலையில் ஏற்றப்பட்டது, அடுத்த கல்லோடு எவ்வாறு பிணைந்தது என்னும் வினாக்கள் அவற்றில் பின்னுக்குச் சென்றுவிடுகின்றன. அதனால், முன்னாக்கக் கட்டடங்கள் தமிழகத்தில் பரவிவரும் இக்காலத்தில், மரபோடு அவற்றை ஒப்பிடும் பேச்சுகள் அளவுகோல் இன்றியே நிகழ்கின்றன.

மூன்று வினாக்களை அளவுகோலாகக் கொள்ளலாம். உறுப்பு களத்திற்கு வரும்முன் எந்த அளவு முற்றுப்பெறுகிறது? உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்துவதற்கு அடிப்படையான பொது அளவு எது? அடுக்கியபின் அவற்றைப் பிரியாமல் நிறுத்துவது எது? மூன்றாம் வினாவே மாடிக் கட்டடத்தின் உயிர்நிலை. ஒரு தளத்தில் நேரும் இணைப்புப் பிழையின் விளைவு, அதன் மேலுள்ள தளங்கள் அனைத்தையும் சாரும்.

திண்டுக்கல் வட்டாரக் கல்தளிகள்

சமவெளியின் நடுவே தனித்தெழும் பாறையால் பெயர் பெற்றது திண்டுக்கல். 1605-ஆம் ஆண்டில் மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்பர் இப்பாறைமீது கோட்டை எழுப்பத் தொடங்கினார் என்பர். திருமலை நாயக்கர் காலத்தில் அது வலுப்பெற்றது. மலையுச்சியில் வழிபாடற்று நிற்கும் கோயிலும் அதன் தூண் மண்டபங்களும் கல்தளி மரபின் அடிப்படை உறுப்புகளை மறைப்பின்றிக் காட்டுகின்றன. தூண், அதன் தலையில் போதிகை, போதிகைமேல் உத்திரம், உத்திரங்களுக்கு இடையே பாவுகல் என்பதே அவ்வமைப்பு. இந்நான்கையும் மீள மீள அமைத்தால் மண்டபம் எத்திசையிலும் விரியும்.

நகருக்கு வடக்கே குடகனாற்றங்கரையில் உள்ள தாடிக்கொம்பு சௌந்தரராசப் பெருமாள் கோயில் இவ்வமைப்பின் வளர்ந்த நிலையைக் காட்டுகிறது. அங்குள்ள மண்டபத்தின் ஆளுயரத்தை விஞ்சிய சிற்பங்கள், தூணில் பின்னர்ப் பொருத்தப்பட்டவை அல்ல. தூணும் சிற்பமும் ஒரே கல். உலகளந்த பெருமாள், நரசிம்மர், அகோர வீரபத்திரர், இரதி, மன்மதன் ஆகிய உருவங்களைத் தாங்கும் இத்தூண்கள் மேற்கூரையின் சுமையையும் ஏற்கின்றன. சிற்ப வரலாற்றில் பேசப்படும் இவை, கட்டுமான நோக்கில் முழுமை பெற்ற தனி உறுப்புகளாகும்.

எனினும், கோயிலின் எல்லா உறுப்புகளும் இவ்வாறு முற்றுப்பெற்ற பின்னரே ஏற்றப்பட்டன எனக் கொள்ள இயலாது. தமிழகக் கோயில்கள் பலவற்றில் குமுதமும் கபோதமும் சில இடங்களில் நுண்வேலையோடும் சில இடங்களில் உளிபடாத முரட்டு வடிவிலும் ஒரே சுவரில் காணப்படுகின்றன. கல்லை ஏறக்குறைய வடிவாக்கி ஏற்றிவிட்டு, நுண்வேலையை நின்ற நிலையில் முடிக்கும் வழக்கும் இருந்தமைக்கு இது சான்று. ஆகவே முதல் வினாவிற்கான விடை பகுதி உடன்பாடே: கல்தளி பாதி முன்னாக்கம், பாதி களப்பணி.

இரண்டாம் வினாவில் மரபு வலுவாக நிற்கிறது. சிற்ப நூல்கள் தூணின் அகலம் போன்ற ஓர் அடிப்படை அளவிலிருந்து பிற உறுப்புகளின் அளவுகளைப் பெறுகின்றன. மயமதம் ஒருதளம் முதல் பன்னிருதளம் வரையிலான விமானங்களை வகுத்துரைப்பதோடு, மரத்துண்டுகளைப் பிணைக்கும் சந்திகர்மத்திற்குத் தனி அத்தியாயமும் ஒதுக்கியுள்ளது. விமானத்தின் ஒவ்வொரு தளத்தையும் சூழும் கர்ணகூடு, சாலை, பஞ்சரம் ஆகியவை குறுவடிவக் கட்டடங்களே. சிறிய கட்டடங்களை வரிசையாக்கி, வரிசைகளை அடுக்கிப் பெரிய கட்டடத்தைக் காட்டுவது திராவிட விமானத்தின் வடிவ இலக்கணம். ஆயினும் அது தோற்ற அளவிலான அடுக்கு. அக்குறுவடிவங்களுள் எவரும் குடியிருப்பதில்லை. மதுரைக் கூடலழகர் கோயிலின் அட்டாங்க விமானம் போல, மேல்தளங்களிலும் கருவறைகள் அமைந்து மக்கள் ஏறிச்சென்று வழிபடும் விமானங்கள் எண்ணிக்கையில் குறைவு.

எடையே பிணைப்பு

மூன்றாம் வினாவிற்குக் கல்தளி தரும் விடை தெளிவானது: கற்களைப் பிரியாமல் நிறுத்துவது அவற்றின் எடை. மேற்கல்லின் முளை கீழ்க்கல்லின் குழியில் அமர்வதும் உண்டு. ஆனால் அது கல் இடம் பெயராமல் தடுப்பது மட்டுமே. சுமை நேர்கீழாக இறங்கும்வரை இவ்வமைப்பு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கும். தூண் விலகினாலோ உத்திரம் முறிந்தாலோ அச்சுமையைப் பக்கத்து உறுப்புக்கு மாற்றிவிடும் இழுவிசைப் பிணைப்பு அதில் இல்லை.

இவ்வெல்லையைச் சிற்பியர் அறிந்தே செயற்பட்டனர் என்பதற்குக் கோபுரங்களே சான்று. நாயக்கர் காலப் பெருங்கோபுரங்களில் அடித்தளமும் சுவரும் கருங்கல். அதன்மேல் உள்ள நிலைகள் செங்கல்லும் சுதையும் ஆனவை. உயரம் கூடக் கூட எடையைக் குறைக்க வேண்டும் என்னும் கட்டுமான அறிவு இப்பொருள் மாற்றத்தில் வெளிப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் சிகரம் எண்பது டன் எடையுள்ள ஒற்றைக்கல் என்னும் வழக்கும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அது பல கற்களைப் பொருத்தி அமைக்கப்பட்டது என்பதை ஆய்வாளர் சுட்டியுள்ளனர். ஒற்றைக்கல் என்பதைவிட, அத்தனை உயரத்தில் பல கற்களை ஒரே வளைவாகப் பொருத்தினர் என்பதே கட்டுமான வரலாற்றுக்குப் பெரிய செய்தி.

இம்மரபு நம் காலத்திலும் தொடர்ந்துள்ளது. வை. கணபதி ஸ்தபதியின் பொறுப்பில் உருவாகி, 2000-ஆம் ஆண்டு சனவரி 1-இல் திறக்கப்பட்ட கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலை 133 அடி உயரம் உடையது. 38 அடி பீடம், 95 அடி உருவம். 3,681 கற்கள் கன்னியாகுமரி, அம்பாசமுத்திரம், சங்கராபுரம் ஆகிய இடங்களின் பணிக்களங்களில் வடிக்கப்பட்டுக் கடலிடைப் பாறையில் அடுக்கப்பட்டன. வேறிடத்தில் வடித்து, எண்ணிட்ட ஒழுங்கில் கொணர்ந்து, உயர அடுக்கும் கற்பணி தமிழகத்தில் எத்தகைய அளவை எட்டக்கூடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

தொழிற்சாலையிலிருந்து வந்த வீடு

இருபதாம் நூற்றாண்டின் முன்னாக்கம் வேறொரு தேவையிலிருந்து பிறந்தது. போரும் இடப்பெயர்வும் குடியிருப்புப் பற்றாக்குறையை உண்டாக்கிய காலத்தில், வீட்டைத் தொழிற்சாலைப் பொருளாக்கும் எண்ணம் பல நாடுகளில் எழுந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில், ஜெர்மனியிலிருந்து அடைக்கலமாக வந்த கட்டடக்கலைஞர் ஓட்டோ கேனிக்ஸ்பெர்கரின் பங்கேற்போடு தில்லியில் அரசு வீட்டுத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அங்கு வார்த்த பலகைகள் எதிர்பார்த்த உறுதியைத் தராததால் முதல் முயற்சி தோல்வியுற்றது. பின்னர் அந்நிறுவனம் இந்துஸ்தான் வீட்டுத் தொழிற்சாலையாகி, 1978-இல் இந்துஸ்தான் பிரீஃபேப் எனப் பெயர் மாறியது.

பெரும் பலகைகளை அடுக்கி எழுப்பும் முறையின் ஆபத்தை உலகிற்கு உணர்த்தியது இலண்டனின் ரோனன் பாயின்ட் நிகழ்வு. 1968 மே 16-ஆம் நாள், குடியேற்றம் தொடங்கிச் சில வாரங்களே ஆன அந்த 22 மாடிக் கட்டடத்தின் 18-ஆம் மாடியில் எரிவாயு வெடித்தது. வெளிச்சுவர்ப் பலகை ஒன்று தள்ளப்பட்டதும், அதன்மேல் இருந்த தளங்கள் தாங்கலிழந்து விழ, அவ்வெடையால் கீழ்த்தளங்களும் சரிந்தன. நால்வர் உயிரிழந்தனர். அக்கட்டடத்தின் பலகைகள் பெரிதும் எடையாலும் உராய்வாலுமே ஒன்றையொன்று பற்றி நின்றன. 1986-இல் அதனைப் பிரித்தபோது, காரை நிரம்பியிருக்க வேண்டிய இணைப்புகள் பல சரிவர நிரப்பப்படாதிருந்தமை தெரியவந்தது.

எடையே பிணைப்பு என்னும் கோயிற் கோட்பாடு இங்கு மெல்லிய பலகைகளுக்குப் பொருத்தப்பட்டது. ஆனால் கோயிற் கல்லின் கனமும் அகன்ற அடியும் அப்பலகைகளுக்கு இல்லை. 2001 சனவரி 26-இல் குஜராத்தின் கச்சுப் பகுதியில் நேர்ந்த நிலநடுக்கத்தில் முன்வார்ப்புப் பள்ளிக் கட்டடங்கள் பல இடிந்தமையும் இதே பாடத்தைத் தந்தது. கூரைப்பலகைகளும் சுவர்களும் போதிய பிணைப்பின்றி இருந்தமையால், பக்கவாட்டு அசைவில் அவை பிரிந்து வீழ்ந்தன. பெரும்பலகைக் கட்டுமானத்திற்கான இ.த. 11447 (1985), முன்வார்ப்புக் காங்கிரீட் கட்டடங்களுக்கான இ.த. 15916 (2010) ஆகிய இந்தியத் தர விதிகள் உறுப்புகளோடு இணைப்புகளையும் பொருளாகக் கொண்டுள்ளன.

அறையே அலகு

தூண், பலகை என்னும் நிலையைக் கடந்து, முழு அறையையே பெட்டியாக வார்த்து அடுக்குவது அடுத்த கட்டம். மான்ட்ரியலில் மோஷே சாஃப்டி வடிவமைத்த ஹாபிடாட் 67 குடியிருப்பு 354 காங்கிரீட் பெட்டிகளால் ஆனது. டோக்கியோவில் கிஷோ குரோகாவா 1972-இல் எழுப்பிய நாககின் கோபுரத்தின் 140 அறைக்கூடுகள் நடுத்தண்டுகளில் ஆணிகளால் பூட்டப்பட்டன. சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கூடுகளைக் கழற்றிப் புதியன மாட்டலாம் என்பது அதன் கோட்பாடு. ஒன்றைக் கழற்ற மேலுள்ளவற்றையும் அகற்ற வேண்டியிருந்ததால் அக்கோட்பாடு நிறைவேறாமல், 2022-இல் கோபுரமே பிரிக்கப்பட்டது. பிரிக்கத்தக்கதாகக் கருதப்பட்ட இணைப்பும் அடுக்கின் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டதே என்பதை இது காட்டுகிறது.

தமிழர் வாழ்வோடு தொடர்புடைய சிங்கப்பூரில் இம்முறை அரசுக் கொள்கையாகவே மாறியது. 2014 நவம்பர் முதல், அரசு விற்கும் குறிப்பிட்ட மனைகளில் அறைக்கூட்டு முறை கட்டாயமாக்கப்பட்டது. 2019-இல் முடிவுற்ற கிளெமென்ட் கேனபி 40 மாடிகள் கொண்ட இரு கோபுரங்களாக, 1,866 கூடுகளால் எழுந்தது. கூடுகளின் காங்கிரீட் உடல் மலேசியாவின் செனாயில் வார்க்கப்பட்டு, சிங்கப்பூரின் துவாஸில் உள்வேலை முடித்து, களத்தில் அடுக்கப்பட்டது. அயல்நாட்டுத் தொழிலாளரைச் சார்ந்திருப்பதைக் குறைப்பது இக்கொள்கையின் நோக்கங்களுள் ஒன்று; அத்தொழிலாளருள் தமிழகத்திலிருந்து சென்றோரும் அடங்குவர். ஆகவே, வேலை எவ்விடத்தில் நிகழ வேண்டும் என்னும் கேள்வி, வேலை யாருக்கு என்னும் கேள்வியோடு சேர்ந்தே வருகிறது.

இந்தியாவில் ஆறு நகரங்களில் ஒளிவிளக்குக் குடியிருப்புத் திட்டங்களுக்கு 2021 சனவரி 1-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அவற்றுள் ராஞ்சியில் 1,008 வீடுகளுக்கு முப்பரிமாண அறைக்கூட்டு முறை தேர்ந்தெடுக்கப்பட்டது. சென்னைப் பெரும்பாக்கத்தில் தரைத்தளமும் ஐந்து மாடிகளும் கொண்ட 12 தொகுதிகளில் 1,152 வீடுகள், முன்வார்ப்பு உறுப்புகளைக் களத்தில் பொருத்தும் முறையில் எழுந்து, 2022 மே 26-இல் திறக்கப்பட்டன. அங்கு அறை முழுமையாக வரவில்லை. தூணும் உத்திரமும் தளப்பலகையும் தனித்தனியே வந்தன.

ஒப்பீடு

பெரும்பாக்கத்தின் உறுப்பு வரிசையைத் தாடிக்கொம்பு மண்டபத்தின் உறுப்பு வரிசையோடு வைத்து நோக்கினால், தூண்–உத்திரம்–பாவுகல் என்னும் பகுப்பு மாறவில்லை என்பது புலனாகும். அளவின் பொதுமையும் மாறவில்லை. தூணகலத்தின் இடத்தை வார்ப்பச்சு பெற்றுள்ளது. மாறியது இணைப்பு. கல்தளியில் உத்திரம் தூண்மேல் அமர்கிறது. முன்வார்ப்புக் கட்டடத்தில் இரும்புக் கம்பிகளாலும் களத்தில் நிரப்பும் காரையாலும் தூணோடு ஒன்றாகிறது. முன்னது அமர்வு, பின்னது பிணைப்பு.

இவ்வேறுபாடு பார்வையாளர் காணும் தன்மையையும் மாற்றிவிட்டது. கோயில் மண்டபத்தில் போதிகை விரிசல் விட்டால் வழிபட வருவோரும் அதனைக் காண்பர். இணைப்பே அழகுறுப்பாகக் கண்முன் நிற்கிறது. முன்வார்ப்பு மாடியில் இணைப்பு காரைக்குள் மறைந்துவிடுகிறது. ரோனன் பாயின்ட்டில் குடியேறியோர் தம் சுவருக்குள் வெற்றிடம் இருந்ததை அறிய வழியில்லை. சுவர்ப்பலகையே சுமை தாங்கும் கட்டடங்களில், புதிய வாசலுக்காகச் சுவரை வெட்டுவதும் அத்தகைய அறியாமையிலிருந்து எழும் இடரே. மாற்றுக் குடியிருப்புகளில் வீடு பெறும் எளிய மக்களுக்கு இவ்வறிவு வீட்டுச் சாவியோடு சேர்த்து வழங்கப்பட வேண்டியது.

திண்டுக்கல் சமவெளியில் முன்னாக்கம் இன்று எளிய உருவில் பரவியுள்ளது. வேலிக்கு நட்ட கருங்கல் கால்களின் இடத்தில் வார்த்த காங்கிரீட் கால்கள் வந்துள்ளன. காடி வைத்த கால்களுக்கிடையே பலகைகளைச் செருகி எழுப்பும் ரெடிமேடு காம்பவுண்டுச் சுவர்கள் சாலையோரமெங்கும் காணப்படுகின்றன. இச்சுவர் ஏறத்தாழக் கல்தளி இலக்கணத்தையே பின்பற்றுகிறது: பலகைகள் செருகலாலும் எடையாலுமே நிற்கின்றன. ஆளுயரச் சுவருக்கு அது போதும். அதே பழக்கம் மாடி வீட்டிற்குள் நுழைந்தால் போதாது. பழகிய கையும் பழகாத இணைப்பும் சந்திக்கும் இவ்விடத்திலேயே வரலாற்று அறிவு நடைமுறைப் பயன் பெறுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், முன்னாக்கக் கட்டுமானத்தின் உறுப்புப் பகுப்பும் அளவுப் பொதுமையும் தமிழகக் கல்தளி மரபுக்குப் புதியன அல்ல என்பதும், மாடிக் கட்டடத்தைத் தாங்கும் பிணைப்பு அம்மரபிலிருந்து பெறப்பட்டதன்று என்பதும் தெளிவாகின்றன. முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர் எனக் கூறுவது, அவர்கள் தம் பொருளின் எல்லையை அறிந்து கோபுரத்தின் மேல்நிலைகளைச் செங்கல்லால் அமைத்த நுண்ணறிவை மறைத்துவிடும். மரபுக்குத் தொடர்பே இல்லை என்பதோ, இவ்வட்டாரக் கைவினைஞரிடம் இன்றும் உள்ள பொருத்தும் திறனைக் கணக்கில் கொள்ளாது விடும். கோயிற் கட்டடங்களை ஆவணப்படுத்தும் எதிர்கால ஆய்வுகள், சிற்பத்தையும் கல்வெட்டையும் பதிவதுபோலவே கல்லோடு கல் சேரும் இடத்தையும் அளந்து வரைந்து பதிவது தேவை. திருப்பணியின்போது கற்கள் பிரிக்கப்படும் சில நாட்களே அதற்கான வாய்ப்பு.