ஏலத் தோட்டத்தில் அகத்தூண்டல்: ‘ஞள்ளானி’ ரகத்தின் வரலாறு

போடிமெட்டு அல்லது கம்பம்மெட்டு வழியாக மலையேறுவோரை உடும்பஞ்சோலை வட்டத்தின் ஏலத் தோட்டங்கள் எதிர்கொள்கின்றன. இவ்வட்டத்தின் பாம்பாடும்பாறையில் 1956-இல் ஏல ஆராய்ச்சி நிலையமும், மயிலாடும்பாறையில் 1978-இல் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிறுவனமும் தோன்றின. ஆயினும், இம்மலைகளில் ஏல விளைச்சலின் போக்கையே மாற்றிய ரகம் இவ்விரண்டிலும் பிறக்கவில்லை. அன்று இதே வட்டத்தைச் சேர்ந்திருந்த கட்டப்பனையில், செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயியின் தோட்டத்தில் அது உருவானது. அவருடைய குடும்பப் பெயரே ரகத்தின் பெயராக நிலைத்தது: ஞள்ளானி.

ஏலம் தேனீக்களால் அயல்மகரந்தச் சேர்க்கை பெறும் பயிர். ஒரு பூ ஒரு நாளே மலர்ந்திருக்கும். விதையிலிருந்து எழும் செடி தாயை ஒத்திருக்கும் என்ற உறுதியில்லை. எனவே தோட்டத்தில் தேனீ வளர்த்து, சரமும் காயும் மிகுந்த தூர்களைக் கவனித்துத் தேர்ந்து, பக்கக் கன்றுகளைப் பிரித்து நட்டு, மீண்டும் ஒப்பிட வேண்டியிருந்தது. ஏலச் செடி காய்ப்புக்கு வர இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும்; ஆகவே ஒவ்வொரு தேர்வும் ஆண்டுக்கணக்கான காத்திருப்பு. ஹெக்டேருக்கு இருநூறு கிலோவே அரிதாயிருந்த நிலையில், நல்ல பராமரிப்பில் 1,500 கிலோவுக்கு மேல் தந்தது ஞள்ளானி.

டேனியல் கோல்மன் 1995-இல் பரவலாக்கிய உணர்வுசார் நுண்ணறிவுக் கோட்பாட்டில், அகத்தூண்டல் ஐந்து கூறுகளுள் ஒன்று. பலன் தாமதித்தாலும் தளராமை, தானே தொடங்கும் இயல்பு, செய்வதைச் செம்மையாகச் செய்யும் வேட்கை ஆகியவை அதன் அடையாளங்கள். விவசாயிக்கு இலாப நோக்கு இல்லை என்று கொள்வது பிழை. ஆனால் இலாப விருப்பம் எல்லாத் தோட்டக்காரருக்கும் பொது. பலன் நிச்சயமில்லாத செடியை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் பொறுமையை அவ்விருப்பம் மட்டும் விளக்காது.

இங்கே ஒரு நெருடல் எழுகிறது. ஞள்ளானி பரவிய தொடக்க ஆண்டுகளில், புதிய பயிர் ரகத்துக்கு உரிமை கோர இந்தியாவில் சட்டமே இல்லை. பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001-இல்தான் நிறைவேறியது. அதற்குள் கன்றுகள் தோட்டம் தோட்டமாகப் பரவிவிட்டன. தேசியப் புத்தாக்க அறக்கட்டளையின் பாராட்டு கிடைத்தது; பரவலில் பங்கு கேட்கச் சட்ட வழி இருக்கவில்லை.

‘ஆர்வத்தால் செய்தவருக்குக் கூலி எதற்கு?’ என்ற வாதம் இவ்விடத்தில் எளிதாக நுழையும். எட்வர்டு டெசி 1971-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஆதரவாகத் தோன்றலாம். புதிர் விளையாட்டுக்குப் பணம் பெற்ற மாணவர்கள், பணம் நின்றதும் அதில் ஆர்வம் குறைந்தனர். ஆனால் அதே ஆய்வில், சொல்லால் பாராட்டப்பட்டவர்களின் ஆர்வம் குன்றவில்லை. ஒருவரின் திறனை அறிந்து ஏற்பது அகத்தூண்டலை வளர்க்கும் என்பதே அதன் மறுபாதி. ஆர்வம் உள்ளிருந்து எழுகிறது என்பதற்காக, உழைத்தவரின் உரிமை இல்லாமற் போவதில்லை.

பாம்பாடும்பாறைக்கும் கட்டப்பனைக்கும் இடையிலான தொலைவு அதிகமில்லை. விவசாயியை ஆய்வுக்குரிய தகவலாளியாக மட்டும் கருதாமல் சக ஆய்வாளராக ஏற்கும் வரை, கல்விப்புலத்துக்கு அத்தொலைவு குறையப்போவதில்லை.