விண்வெளியில் ஓர் இரும்புக் கோடு

கொல்லன் உலையில் காயும் இரும்பும் கோடானுகோடி மைல்களுக்கு அப்பால் ஆவியாய்ச் சுழலும் இரும்பும் இயல்பால் ஒன்றே. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ் கதிரை உமிழும். அக்கதிரின் ஆற்றல் தனிமத்தின் அணு எண்ணைப் பொறுத்தது என்பதை 1913-இல் நிறுவியவர் ஆங்கில விஞ்ஞானி ஹென்றி மோஸ்லி. ஈராண்டுகளில், தம் 27-ஆம் வயதில், அவர் கலிப்போலிப் போர்முனையில் மாண்டது அறிவுலகிற்குப் பேரிழப்பு. இரும்பின் அணு எண் 26. அதன் கோடு 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் அமையும்.

சில விண்மீன் திரள்களின் நடுவே மாபெரும் கருந்துளை உண்டு. அதனைச் சுற்றி வாயு தட்டுப்போல் சுழல்கிறது. மேலிருந்து பாயும் எக்ஸ் கதிர் தட்டிலுள்ள இரும்பணுவின் உட்கூட்டு எலக்ட்ரானை வெளியேற்ற, மற்றோர் எலக்ட்ரான் அவ்விடத்தில் விழுகிறது; அப்போது அக்கோடு பிறக்கிறது. ஆனால் அது கூர்மையாக நம்மை வந்தடையுமோ? நம்மை நோக்கி வரும் வாயு அதன் ஆற்றலை உயர்த்தும். விலகும் வாயு தாழ்த்தும். கருந்துளையின் ஈர்ப்பிலிருந்து மீளும் முயற்சியிலும் கதிர் ஆற்றலை இழக்கும். எனவே கோடு அகன்று, தாழ்ந்த பக்கம் நீண்டு தோன்றவேண்டும் எனக் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஆண்ட்ரூ ஃபேபியனும் உடனாய்வாளரும் 1989-இல் கணித்தனர்.

1994-இல் ஜப்பானின் ஆஸ்கா விண்கலம் செண்டாரஸ் உடுக்கூட்டத் திசையிலுள்ள எம்.சி.ஜி. -6-30-15 என்னும் திரளை நான்கு நாள்களுக்கு மேல் நோக்கியது. யசுவோ தனாக்கா முதலானோர் 1995-இல் முடிவை வெளியிட்டனர். வினாடிக்கு ஏறத்தாழ 1,00,000 கிலோமீட்டர் வேகத்தைக் காட்டும் அளவிற்குக் கோடு அகன்றிருந்தது. பெரும்பகுதி தாழ்ந்த பக்கமே சாய்ந்திருந்தது.

எல்லோரும் இதனை ஏற்றாரல்லர். இடையிலுள்ள வாயுத் திரைகள் கதிரின் ஒரு பகுதியை விழுங்குவதே அகன்ற கோடுபோல் மயக்குகிறது என்றனர் சிலர். மறுப்பு வலுவானதே, ஏனெனில் மெல்லிய கோடுகளைப் பிரித்துக் காணும் கருவி அன்று இல்லை. ஒற்றை எக்ஸ் கதிர்த் துகள் தரும் நுண்வெப்பத்தையே அளக்கும் கருவி பின்னர்ச் செய்யப்பட்டது. அதன் ஊழ்தான் என்னே! 2000-இல் ராக்கெட் பழுதால் கலமே அழிந்தது. 2005-இல் குளிரூட்டும் ஹீலியம் சில வாரங்களில் தீர்ந்தது. 2016-இல் ஹிட்டோமி ஆறு வாரமும் நிறையாமல் சிதறியது.

2023 செப்டம்பரில் ஏவப்பட்ட எக்ஸ்ரிஸம் கலம் அக்கருவியுடன் 2024-இல் அதே திரளை நோக்கியது. மெல்லிய கோடுகளும் வாயுத் திரையின் தடங்களும் தனித்தனியே புலப்பட்டன. அவற்றை ஒதுக்கிய பின்னும் அகன்ற கோடு எஞ்சி நின்றது.