படகுப் பதிவேடு

சொந்த மகிழ்ச்சிக்காக வைத்திருக்கும் பாய்மரப் படகு அல்லது மோட்டார் படகின் பயணங்களையும் பராமரிப்பு வேலைகளையும் நாள்வாரியாக எழுதிவைக்கும் ஏடு படகுப் பதிவேடு. படகுக்காரர்கள் பேச்சில் அது லாக் புக். பன்னாட்டுப் பயணம் போகும் கப்பல்களுக்கு இது சட்டக் கடமை. நடந்த பயணத்தை முழுவதுமாகத் திரும்ப அறிந்துகொள்ளும் அளவுக்குப் பதிவுகள் இருக்க வேண்டும் என்று, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் 5ஆம் அத்தியாயம், 28ஆம் விதி சொல்கிறது. பொழுதுபோக்குப் படகுகளுக்குப் பல நாடுகளில் இந்தக் கட்டாயம் கிடையாது. எழுதுவதும் விடுவதும் சொந்தக்காரரின் விருப்பம் என்பதால், பெரும்பாலும் பாதியில் நின்றுபோகிற பழக்கமாகவும் இது இருக்கிறது.

பாய்மரக் கப்பல் காலத்தில், சீரான இடைவெளியில் முடிச்சுப் போட்ட கயிற்றில் ஒரு மரப்பலகையைக் கட்டிக் கப்பலின் பின்னால் வீசுவார்கள். அந்தப் பலகைதான் லாக்; ஏட்டுக்கும் பெயர் அதிலிருந்தே வந்தது. மணற்கடிகாரம் ஓடி முடியும் சுமார் 28 விநாடிக்குள் எத்தனை முடிச்சு கையைக் கடந்தது என்று எண்ணி, அதையே வேகமாகக் குறித்தார்கள். இன்றும் கடல் வேகத்தின் அலகு, முடிச்சு என்று பொருள்படும் நாட்தான். மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். காற்றின் வலிமையை எண்ணால் குறிக்கும் வழக்கமும் பதிவேட்டோடு சேர்ந்து வளர்ந்தது. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட், தன் பெயரால் வழங்கும் அளவுகோலின் முதல் வடிவத்தை 1806இல் தன் சொந்தப் பதிவேட்டில்தான் எழுதினார்.

பயணப் பக்கத்தில் முதலில் வருபவை தேதி, புறப்பட்ட துறை, படகில் இருப்பவர்களின் பெயர், தொட்டியில் உள்ள எரிபொருள், அன்றைய வானிலை முன்னறிவிப்பு. கடலில் இறங்கிய பிறகு மணிக்கு ஒருமுறை நேரம், இருக்கும் இடம், போகும் திசை, வேகம், கடந்த தூரம், காற்று, காற்றழுத்தம் ஆகியவற்றைக் குறிக்கிறார்கள். ஜி.பி.எஸ். திரை கண்ணெதிரே இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. 10 மணிக்கு இடத்தைக் குறித்துவிட்டு நேர் கிழக்கே 6 நாட் வேகத்தில் போகும் படகில் 10.40க்கு மின்சாரம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். குறித்த இடத்திலிருந்து கிழக்கே 4 கடல் மைலில் படகு இருக்கிறது. நீரோட்டத்துக்கும் காற்றின் தள்ளலுக்கும் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் போதும். 10 மணிக் குறிப்பு இல்லாவிட்டால் கணக்கைத் தொடங்கவே இடமில்லை. காற்றழுத்தமும் அப்படித்தான். தனியாக ஓர் எண் அதிகம் சொல்லாது. மூன்று மணி நேரக் குறிப்புகள் வரிசையாக இறங்கிக்கொண்டே போனால், கெட்ட வானிலை நெருங்குகிறது என்று எடுத்துக்கொண்டு பாயைச் சுருக்கலாம், துறைக்குத் திரும்பலாம்.

பராமரிப்புப் பக்கங்களுக்கு எஞ்சின் ஓடிய மணிக்கணக்கே நாட்காட்டி. நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின்களுக்கு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது, ஆயில் மாற்றுவது பரவலான நடைமுறை. ஆனால் பதிவேட்டை வெறும் நினைவூட்டுப் பட்டியலாக நினைப்பது அதன் பயனில் பாதியை இழப்பதாகும். இரண்டு பதிவுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் கோளாறு தெரியவருகிறது. அதே வேகத்துக்கு மணிக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கு மெல்ல ஏறினால், அடிப்பக்கத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருக்கலாம், புரொப்பல்லர் அடிபட்டிருக்கலாம். உலோகப் பாகங்களை அரிப்பிலிருந்து காக்க, தான் கரைந்துபோகும் துத்தநாகக் கட்டியைப் பாதி கரைந்ததும் மாற்றுவார்கள். சென்ற ஆண்டு பன்னிரண்டு மாதம் தாங்கிய கட்டி இந்த ஆண்டு நான்கே மாதத்தில் தீர்ந்தால், மின்கசிவு இருக்கிறதா என்று படகின் வயரிங்கையும் அதைக் கட்டிவைக்கும் துறையையும் சோதிக்க வேண்டும். கியர் ஆயில் பால்போல வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லரைக் கழற்றும்போது அதன் இதழ்கள் எத்தனை காணாமல் போயின என்பதையும் எழுதுவது நல்லது. உடைந்த துண்டு குழாய்க்குள் சிக்கி, புதிய இம்பெல்லர் போட்ட பிறகும் எஞ்சினைச் சூடேற்றும். அவசர வெளிச்சச் சிக்னல்கள், தீயணைப்பான் ஆகியவற்றின் காலாவதித் தேதி, ஃபில்டர், பெல்ட் எண்கள் எல்லாம் இங்கேதான்.

பயணத்துக்கும் பராமரிப்புக்கும் தனித்தனி ஏடு வைத்து, இரண்டிலும் எஞ்சின் மணிக்கணக்கைக் குறிப்பது சிறந்த முறை. ஆயில் கசிவு எந்தப் பயணத்துக்குப் பிறகு தொடங்கியது என்பதை அந்த எண்ணை வைத்தே பிடித்துவிடலாம்.

எழுதியதைக் கிழிப்பதோ அழிப்பதோ கூடாது. தவறை ஒற்றைக் கோட்டால் அடித்துச் சரியானதைப் பக்கத்தில் எழுத வேண்டும். இந்த ஒழுக்கம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 1968இல் தொடங்கிய கோல்டன் குளோப் உலகச் சுற்றுப் போட்டியை நினைக்காமல் இருக்க முடியாது. பிரிட்டனின் டொனால்டு குரோஹர்ஸ்ட், போதிய ஆயத்தமில்லாத மூவுடல் படகான டீன்மவுத் எலெக்ட்ரானில் போட்டியில் இறங்கினார். தென்பெருங்கடலைத் தாங்கும் நிலையில் படகு இல்லை. அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாக வானொலியில் பொய்யான இடங்களை அறிவித்தார். 1969 ஜூலை 10 அன்று ஆளில்லாமல் மிதந்த படகைக் கண்டெடுத்தார்கள். உள்ளே இருந்த பதிவேடுகளில் அவருடைய உண்மையான இடங்களும் கற்பனை வழிக்கான கணக்குகளும் இருந்தன. நடந்ததை உலகம் அறிந்தது அவற்றிலிருந்துதான். அதே போட்டியில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய சுஹைலியில் 312 நாளில் இடைநில்லாமல் உலகைச் சுற்றி முடித்தார். பரிசுப் பணத்தைக் குரோஹர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

கைப்பேசிச் செயலிகள் போன பாதையை மனிதர் தலையிடாமலே வரைந்துவிடுகின்றன. அது வசதிதான். ஆனால் ஏன் திசை மாற்றினோம், எந்தச் சத்தம் கேட்டு எஞ்சினை நிறுத்தினோம் என்பதைக் கைதான் எழுத வேண்டும். ஈரத்தில் மைப்பேனா எழுத்து கலையும். அதனால் பென்சிலோ பால்பாயின்ட் பேனாவோ நல்லது.

கடல் அனுபவத்துக்குச் சான்றும் இந்த ஏடே. பிரிட்டனின் யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர் தேர்வுக்கு 2,500 கடல் மைலும் 50 நாள் கடல் வாழ்வும் காட்ட வேண்டும். அமெரிக்காவில் கட்டணப் பயணிகளை ஏற்றும் சிறு படகு உரிமத்துக்கு 360 நாள் கடற்சேவை தேவை. ஆகவே படகை விற்கும்போது பராமரிப்பு ஏடு மட்டுமே படகோடு புதியவரிடம் போகிறது. பயண ஏட்டைப் பழைய சொந்தக்காரர் தன்னிடம் வைத்துக்கொள்கிறார்.