விளையாட்டரங்கப் பகிர்வு (காற்பந்து)

விளையாட்டரங்கப் பகிர்வு என்பது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட காற்பந்துக் கழகங்கள் ஒரே அரங்கத்தைத் தத்தமது சொந்தக் களமாகக் கொண்டு ஆடுவதைக் குறிக்கும். ஒரே நகரைச் சேர்ந்த போட்டிக் கழகங்களுக்கு இடையில் இவ்வழக்கம் இத்தாலியில் பரவலாகக் காணப்படுகிறது. இங்கிலாந்தில் இது பெரும்பாலும் தற்காலிக ஏற்பாடாகவே இருந்து வந்துள்ளது. கட்டுமானச் செலவைக் குறைப்பதும், அரங்கம் வெறுமையாகக் கிடக்கும் நாட்களைக் குறைப்பதும் பகிர்வின் முதன்மை நோக்கங்கள். கழகத்தின் தனி அடையாளம் கரைந்துவிடும் என்பது இரசிகர்களின் முதன்மையான எதிர்ப்பு ஆகும்.

பின்னணி

இருபது கழகங்கள் பங்கேற்கும் ஒரு கூட்டிணைவில் (லீக்) ஒவ்வொரு கழகமும் ஒரு பருவத்தில் 38 போட்டிகளில் ஆடுகிறது. அவற்றுள் 19 மட்டுமே சொந்தக் களத்தில் நடைபெறும். கோப்பைப் போட்டிகளையும் சேர்த்துக் கொண்டால் இவ்வெண்ணிக்கை பொதுவாக 25 முதல் 30 வரை அமையும். எஞ்சிய 330-க்கும் மேற்பட்ட நாட்களில் ஆடுகளத்தில் போட்டி எதுவும் நடைபெறுவதில்லை. ஆயினும் பராமரிப்புச் செலவும் கடனுக்கான வட்டியும் ஆண்டு முழுவதும் தொடர்கின்றன. இரு கழகங்கள் ஒரே அரங்கைப் பயன்படுத்தினால் இச்செலவு ஏறத்தாழப் பாதியாகும் என்பதே பகிர்வுக்கான எளிய கணக்கு.

இக்கணக்கில் பார்வையாளர் எண்ணிக்கை முக்கிய இடம் பெறுகிறது. பல கூட்டிணைவுகளில் அறிவிக்கப்படும் எண்ணிக்கை, விற்கப்பட்ட நுழைவுச்சீட்டுகளின் எண்ணிக்கையே ஆகும். பருவச்சீட்டு வைத்திருப்பவர் வராவிட்டாலும் அவரும் கணக்கில் சேர்க்கப்படுவார். எனவே நிரம்பியதாக அறிவிக்கப்பட்ட அரங்கிலும் வெற்று இருக்கைகள் தென்படுவது உண்டு. அரங்கத்தின் கொள்ளளவுக்கும் உண்மையில் வரும் கூட்டத்திற்கும் உள்ள இடைவெளி பெரிதாக இருந்தால், அரங்கின் ஆரவாரமும் குறைகிறது, வருவாயும் குறைகிறது. பகிரப்படும் அரங்கங்கள் பெரும்பாலும் இரு கழகங்களுள் பெரியதன் அளவுக்கே கட்டப்படுவதால், சிறிய கழகமே இவ்விடைவெளியால் அதிகம் பாதிக்கப்படுகிறது.

பகிர்வின் வகைகள்

* பொது உரிமை: அரங்கம் மாநகராட்சிக்கோ அரசுக்கோ சொந்தமாக இருக்கும். இரு கழகங்களும் வாடகைதாரர்கள். (2025 வரை மிலான், மற்றும் ஜெனோவா, ரோம், கொல்கத்தா)
* கூட்டு உரிமை: இரு கழகங்களும் சேர்ந்து முதலீடு செய்து அரங்கை உடைமையாகக் கொள்ளும். (2005-2006 காலத்து மியூனிக்)
* குடியிருப்பு முறை: ஒரு கழகத்தின் அரங்கில் மற்றொரு கழகம் வாடகைக்கு ஆடும். (மான்செஸ்டர் 1945-1949, இலண்டன் 1985-2003)

இத்தாலி

மிலான்

சான் சீரோ அரங்கம் ஏ. சி. மிலான் கழகத்தின் அப்போதைய தலைவர் பியேரோ பிரெல்லியின் முயற்சியால் கட்டப்பட்டு, 1926 செப்டம்பர் 19 அன்று திறக்கப்பட்டது. திறப்பு விழாப் போட்டியில் இன்டர் மிலான் 6-3 என்ற கணக்கில் ஏ. சி. மிலானை வென்றது. 1935-இல் அரங்கம் மாநகராட்சியின் உடைமையானது. 1947-இல் இன்டர் மிலானும் இங்குக் குடிபெயர்ந்தது. இரு கழகங்களுக்கும் ஆடியவரான ஜுசெப்பே மேயாட்சாவின் பெயர் 1980-இல் அரங்கத்திற்குச் சூட்டப்பட்டது. எனினும் சான் சீரோ என்ற பழைய பெயரே மக்கள் வழக்கில் நிலைத்துள்ளது. தெற்குக் கோல் முனையின் பின்புறம் ஏ. சி. மிலான் இரசிகர்களுக்கும் வடக்கு முனையின் பின்புறம் இன்டர் இரசிகர்களுக்கும் உரியதாகக் கருதப்படுகிறது.

2003-ஆம் ஆண்டு சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இரு கழகங்களும் மோதின. இரு சுற்றுகளும் இதே அரங்கில் நடைபெற்றன. முதல் சுற்றில் ஏ. சி. மிலானும் இரண்டாம் சுற்றில் இன்டரும் சொந்தக் கள அணிகளாகக் கொள்ளப்பட்டன. முதற்போட்டி 0-0 எனவும் இரண்டாவது 1-1 எனவும் முடிந்தன. வெளிக்களத்தில் அடித்த கோலுக்குக் கூடுதல் மதிப்பளிக்கும் அக்கால விதியின்படி, ஏ. சி. மிலான் தன் வழக்கமான ஆடுகளத்திலேயே அடித்த கோலால் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றது. ஐரோப்பியக் காற்பந்துக் கூட்டமைப்பு இவ்விதியை 2021-இல் நீக்கியது.

2005 ஏப்ரலில் இவ்விரு கழகங்களுக்கும் இடையே நடைபெற்ற காலிறுதிப் போட்டி, இன்டர் இரசிகர்கள் எரியும் தீப்பந்தங்களை வீசியதால் இடைநிறுத்தப்பட்டது. அவற்றுள் ஒன்று ஏ. சி. மிலான் கோல் காப்பாளர் டிடாவின் மீது விழுந்தது. போட்டி 3-0 என ஏ. சி. மிலானுக்கு வழங்கப்பட்டது. இன்டர் தன் அடுத்த ஐரோப்பியப் போட்டிகளைப் பார்வையாளர் இன்றி ஆட நேர்ந்தது.

அரங்கத்தின் எதிர்காலம் குறித்து 2019 முதல் நீண்ட விவாதம் நடைபெற்றது. 2023-இல் இரு கழகங்களும் நகருக்கு வெளியே தனித்தனி அரங்கங்கள் கட்டத் திட்டமிட்டன. பின்னர் அவை மீண்டும் கூட்டுத் திட்டத்திற்கே திரும்பின. 2025 செப்டம்பர் இறுதியில் மாநகர மன்றம் அரங்கத்தையும் சுற்றியுள்ள நிலத்தையும் கழகங்களுக்கு விற்க ஒப்புதல் அளித்தது. விலை 19.7 கோடி யூரோ. 1955-இல் கட்டப்பட்ட இரண்டாம் அடுக்கு 70 ஆண்டுகளைக் கடந்து, பாதுகாக்கப்பட்ட கட்டடமாக ஆவதற்கு முன்பே விற்பனையை முடிக்க வேண்டியிருந்தது. நவம்பர் 2025-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அருகில் ஏறத்தாழ 71,500 இருக்கைகள் கொண்ட புதிய அரங்கம் எழுப்பப்படும் என்றும், பழைய அரங்கின் பெரும்பகுதி இடிக்கப்படும் என்றும் திட்டமிடப்பட்டது. பிரிந்துபோகத் திட்டமிட்ட போட்டிக் கழகங்கள் மீண்டும் பகிர்வையே தேர்ந்தெடுத்ததற்கு இது ஓர் அரிய எடுத்துக்காட்டு.

ஜெனோவா, ரோம்

ஜெனோவா நகரின் லுயிஜி ஃபெராரிஸ் அரங்கம் 1911-இல் திறக்கப்பட்டது. ஜெனோவா கழகத்தின் களமான இதில், 1946-இல் தோன்றிய சாம்ப்டோரியா கழகமும் தொடக்கம் முதல் ஆடி வருகிறது. ரோம் நகரின் ஒலிம்பிக் அரங்கத்தை ரோமா, லாட்சியோ ஆகிய இரு கழகங்களும் 1953 முதல் பகிர்ந்து வருகின்றன.

தூரின்

யுவென்டஸ், டொரினோ ஆகிய கழகங்கள் 1990 உலகக்கோப்பைக்காகக் கட்டப்பட்ட டெல்லே ஆல்ப்பி அரங்கத்தை 2006 வரை பகிர்ந்தன. ஏறத்தாழ 69,000 பேர் அமரக்கூடிய இவ்வரங்கில் ஆடுகளத்தைச் சுற்றி ஓடுபாதை இருந்தமையால் பார்வையாளர்கள் ஆட்டத்தினின்று மிகத் தொலைவில் அமர வேண்டியிருந்தது. 2001-02 பருவத்தில் சாம்ப்டோரியாவுக்கு எதிரான இத்தாலியக் கோப்பைப் போட்டியைக் காண 237 பேரே வந்தனர். யுவென்டஸ் அவ்வரங்கை இடித்து, அதே இடத்தில் ஏறத்தாழ 41,000 இருக்கைகள் மட்டுமே கொண்ட தன் சொந்த அரங்கத்தை 2011-இல் திறந்தது. கொள்ளளவு வெகுவாகக் குறைக்கப்பட்டபோதும் புதிய அரங்கம் பெரும்பாலான போட்டிகளில் நிறைந்தே காணப்பட்டது.

ஜெர்மனி: மியூனிக்

பயர்ன் மியூனிக், 1860 மியூனிக் ஆகிய கழகங்கள் 1972 வரை குருன்வால்டர் அரங்கிலும், பின்னர் ஒலிம்பிக் அரங்கிலும் ஆடின. புதிய அரங்கம் கட்டுவது குறித்து 2001 அக்டோபரில் நகர மக்களிடையே வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. வாக்களித்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் ஆதரவு தெரிவித்தனர். அலையன்ஸ் அரீனா 2005 மே மாதம் திறக்கப்பட்டது. இரு கழகங்களும் இதில் சரிபாதிப் பங்கு கொண்டிருந்தன. அரங்கின் வெளிப்புறம் பயர்ன் ஆடும்போது சிவப்பாகவும், 1860 ஆடும்போது நீலமாகவும் ஒளிரும்படி அமைக்கப்பட்டது.

எனினும் 1860 மியூனிக் 2004-இலேயே இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டிருந்தது. நிதி நெருக்கடியால் 2006-இல் அது தன் பங்கை 1.1 கோடி யூரோவுக்குப் பயர்ன் கழகத்திடம் விற்று, வாடகைதாரராக மாறியது. அதன் போட்டிகளின்போது பெரும்பகுதி இருக்கைகள் வெறுமையாகவே கிடந்தன. 2017-இல் நான்காம் பிரிவுக்குச் சரிந்த அக்கழகம் குருன்வால்டர் அரங்கிற்கே திரும்பியது. ஏறத்தாழ 15,000 பேர் கொள்ளும் அப்பழைய அரங்கம் அக்கழகத்தின் போட்டிகளுக்குப் பலமுறை முழுமையாக நிரம்பியுள்ளது.

இங்கிலாந்து

மான்செஸ்டர்

1941-இல் ஜெர்மானிய வான்படையின் குண்டுவீச்சில் ஓல்டு டிராஃபோர்டு அரங்கம் சிதைந்தது. இதனால் மான்செஸ்டர் யுனைட்டட், தன் போட்டிக் கழகமான மான்செஸ்டர் சிட்டியின் மெயின் ரோடு அரங்கில் 1949 வரை ஆடியது. இதற்காக ஆண்டுக்கு 5,000 பவுண்டு வாடகையும் நுழைவு வருவாயில் ஒரு பங்கும் செலுத்தியது. 1948 சனவரி 17 அன்று அங்கு யுனைட்டட், ஆர்சனல் அணிகள் மோதிய போட்டியை 83,260 பேர் கண்டனர். இங்கிலாந்தின் கூட்டிணைவுப் போட்டிகளுக்குரிய சாதனை எண்ணிக்கையாகிய இது, இவ்வாறு இரவல் அரங்கு ஒன்றிலேயே எட்டப்பட்டது.

இலண்டன்

சார்ல்டன் அத்லெட்டிக் 1985-இல் தன் களமான தி வேலியை விட்டு, கிரிஸ்டல் பேலஸ் கழகத்தின் செல்ஹர்ஸ்ட் பார்க் அரங்கிற்குச் சென்றது. இரசிகர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தனர். பழைய களத்திற்குத் திரும்பும் திட்டத்தை உள்ளாட்சி மன்றம் மறுத்தபோது, அவர்கள் 'வேலி கட்சி' என்ற பெயரில் 1990 உள்ளாட்சித் தேர்தலில் போட்டியிட்டு 14,838 வாக்குகள் பெற்றனர். 1992 டிசம்பரில் கழகம் தன் பழைய களத்திற்குத் திரும்பியது.

1991-இல் விம்பிள்டன் கழகம் செல்ஹர்ஸ்ட் பார்க்கிற்குக் குடிபுகுந்தது. 1993 சனவரியில் எவர்ட்டனுக்கு எதிராக அது அங்கு ஆடிய பிரிமியர் லீக் போட்டிக்கு 3,039 பேரே வந்தனர். 2003-இல் அக்கழகம் மில்டன் கெய்ன்ஸ் நகருக்கு மாற்றப்பட்டது. அதற்கு முன்பே, 2002-இல், இரசிகர்கள் ஏ. எஃப். சி. விம்பிள்டன் என்ற புதிய கழகத்தை உருவாக்கியிருந்தனர்.

லிவர்பூல்

லிவர்பூல் கழகத்தின் ஆன்ஃபீல்டு அரங்கம் 1884 முதல் 1892 வரை எவர்ட்டன் கழகத்தின் களமாக இருந்தது. தலைவரும் நில உரிமையாளருமான ஜான் ஹோல்டிங்குடன் வாடகை தொடர்பாக ஏற்பட்ட பூசலால் எவர்ட்டன் வெளியேறி, குடிசன் பார்க் அரங்கத்தை அமைத்துக் கொண்டது. வெறுமையான ஆன்ஃபீல்டுக்காக ஹோல்டிங் 1892-இல் தொடங்கியதே லிவர்பூல் கழகம். இரு அரங்கங்களுக்கும் இடையிலான தொலைவு ஒரு மைலுக்கும் குறைவு. நடுவே ஸ்டான்லி பூங்கா உள்ளது.

2000-களில் இரு கழகங்களும் புதிய அரங்கம் தேடியபோது, பூங்காவில் ஒரே அரங்கம் கட்டிப் பகிரலாம் என்ற கருத்து பலமுறை முன்வைக்கப்பட்டது. இரு தரப்பு இரசிகர்களிடமும் இதற்குப் போதிய ஆதரவு கிட்டவில்லை. இறுதியில் லிவர்பூல் ஆன்ஃபீல்டையே விரிவாக்கி, அதன் கொள்ளளவை ஏறத்தாழ 61,000 ஆக உயர்த்தியது. எவர்ட்டனின் கிங்ஸ் டாக் திட்டம் 2003-இலும் கர்க்பி திட்டம் 2009-இலும் கைவிடப்பட்டன. பிராம்லி-மூர் துறைமுகப் பகுதியில் எழுந்த அதன் புதிய அரங்கத்தில் 2025 ஆகஸ்டில் முதல் பிரிமியர் லீக் போட்டி நடைபெற்றது. பகிர்வை மறுத்ததற்கு ஈடாக எவர்ட்டன் இரசிகர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.

இந்தியா: கொல்கத்தா

மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய கழகங்களுக்குக் கொல்கத்தா மைதானப் பகுதியில் தனித்தனிக் களங்கள் உள்ளன. ஆயினும் அவற்றின் முக்கிய மோதல்கள் 1984-இல் திறக்கப்பட்ட சால்ட் லேக் அரங்கில் நடைபெற்று வந்துள்ளன. 1997 சூலை 13 அன்று நடைபெற்ற கூட்டமைப்புக் கோப்பை அரையிறுதியை 1,31,781 பேர் கண்டனர். ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்ற அப்போட்டியில் பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல்கள் அடித்தார். இக்கழகங்களின் மோதலுக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1980 ஆகஸ்டு 16 அன்று ஈடன் கார்டன்ஸ் அரங்கில் ஏற்பட்ட கலவரத்தில் 16 இரசிகர்கள் உயிரிழந்தனர்.

ஆதரவான கருத்துகள்

* கட்டுமான, பராமரிப்புச் செலவுகள் பங்கிடப்படுகின்றன.
* நகருக்குள் நிலப் பயன்பாடு குறைகிறது. சாலை, தொடருந்து வசதிகளை ஓரிடத்திலேயே மேம்படுத்தலாம்.
* தனித்துக் கட்ட இயலாத கழகங்களுக்கும் தரமான அரங்கம் கிடைக்கிறது.

எதிரான கருத்துகள்

* அரங்கின் நிறம், பெயர், சிலைகள், நினைவிடங்கள் ஆகியவற்றை ஒரு கழகத்திற்கே உரியனவாக அமைக்க இயலாது.
* புல்தரை விரைவில் தேய்கிறது. மூன்றாம் அடுக்காலும் கூரையாலும் வெயில் குறைந்த சான் சீரோவில் புல்தரையைப் பலமுறை மாற்ற வேண்டியிருந்தது.
* ஒரு கழகம் கீழ்ப்பிரிவுக்குச் சரிந்தால் அதன் செலவுப் பங்கு பெருஞ்சுமையாகிறது.
* நுழைவுச்சீட்டு, விளம்பரம், உணவக வருவாய் ஆகியவற்றைப் பிரிப்பதில் பிணக்குகள் எழுகின்றன.

மதிப்பீடு

மேற்கண்ட நிகழ்வுகளை ஒப்பிடுகையில், நெடுங்காலம் நீடித்த பகிர்வுகளில் இரு பொதுக்கூறுகள் தென்படுகின்றன. முதலாவது, அரங்கம் எந்தவொரு கழகத்திற்கும் சொந்தமாக இல்லாமல் பொது உடைமையாக இருந்தமை. இரண்டாவது, இரு கழகங்களின் பார்வையாளர் எண்ணிக்கையும் ஏறத்தாழ நிகராக இருந்தமை. இவ்விரண்டும் மிலான், ஜெனோவா, ரோம் நகரங்களில் பெரும்பாலும் பொருந்தின. மியூனிக்கில் இரண்டாவதும், செல்ஹர்ஸ்ட் பார்க்கில் முதலாவதும் பொருந்தவில்லை. மிலானின் புதிய அரங்கம் மாநகராட்சியின் உடைமையாக அன்றி இரு கழகங்களின் கூட்டு உடைமையாக அமையவிருப்பதால், மியூனிக்கில் ஓராண்டே நீடித்த முறை அங்கு மீண்டும் சோதிக்கப்படும்.

இவற்றையும் பார்க்கவும்

* சான் சீரோ
* அலையன்ஸ் அரீனா
* ஆன்ஃபீல்டு
* குடிசன் பார்க்
* சால்ட் லேக் விளையாட்டரங்கம்