ஜமக்காளம் விரித்த வீடு

புதிதாகக் குடித்தனம் வைக்கும் உறவுக்காரப் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "மாமா, ஊடு இன்னும் ஹாஸ்டல் ரூம் மாதிரியே இருக்குதுங்க. பெரியவங்க இருக்கிற ஊடாட்டம் தெரியோணும்னா என்ன வாங்கறதுங்க?"

கொங்கு நாட்டில் இதற்குப் பழைய பதில் ஒன்று உண்டு. என் அமுச்சி சொல்வார்: "நாலு ஒறம்பரை வந்தா உக்கார வெக்க ஒரு சமக்காளம் இல்லீன்னா அது என்ன ஊடு கண்ணு?" அந்தக் காலத்தில் வீட்டுக்கு வயது வந்துவிட்டதா என்பதற்கு அளவுகோல் அதுதான். ஒற்றை ஆள் படுக்கப் பாய் போதும். பத்துப் பேரை உட்கார வைக்க ஜமக்காளம் வேண்டும். சீரானாலும் சாவானாலும் பஞ்சாயத்தானாலும் முதலில் விரிப்பது அதைத்தான்.

அந்த ஜமக்காளத்துக்கு ஊர் பவானி. காவிரியும் பவானியும் கூடும் இடம், ஈரோட்டிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து ஆலைத் துணி நம் சந்தைகளில் வந்து குவிந்தது. மெல்லிய நூலில் சேலை நெய்தவர்களால் அந்த விலைக்குப் போட்டி போட முடியவில்லை. பவானியில் ஜங்கமர் எனப்படும் நெசவாளர்கள் வேறு வழி கண்டார்கள். முரட்டு நூலை எடுத்து, சிவப்பு, பச்சை, நீலம் என்று அழுத்தமான சாயம் ஏற்றி, பட்டை பட்டையாக விரிப்பு நெய்தார்கள். அதற்கு வந்த கிராக்கியில் சேலை நெசவு பின்னுக்குப் போயிற்று. முரட்டு நூலில் நுணுக்கமான பூவேலை வராது என்பதால், கரையில் சித்திரம் வேண்டுவோருக்குச் செயற்கைப் பட்டு நூலில் இன்னொரு வகையும் வந்தது.

ஆக, நாம் காலங்காலமாக இருப்பதாக நினைக்கும் பட்டை ஜமக்காளம், பிழைப்புக்கு வந்த நெருக்கடியில் பிறந்த சரக்கு.

எனக்குக் கல்யாணமாகி கோவையில் வாடகை வீடு பார்த்தது 1978இல். அலங்காரத்துக்கென்று தனியாகக் காசு கிடையாது. செய்ததெல்லாம் நாங்கள் இருவரும்தான். கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பானையில் ஊற வைத்து, துணியில் வடிகட்டி, சுவரில் பிடிப்பதற்கு வச்சிரமும் வெளுப்புக்குக் கொஞ்சம் நீலமும் கலந்தோம். தேங்காய் மட்டையின் நுனியை நசுக்கிக்கொண்டால் அதுதான் பிரஷ். இரண்டு பூச்சுப் பூசி, அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் காவிப் பட்டை. ஆணிக்கு ஆணி தொங்கிய காலண்டர்களைக் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். பிறகு மாமியார் வீட்டுச் சீரில் வந்த பவானி ஜமக்காளத்தை விரித்தோம். அன்றைக்கே அது குடும்பம் நடத்தும் வீடாகத் தெரிந்தது. வெள்ளைச் சுவர், காவி, கீழே அந்தச் சிவப்பும் பச்சையும். வேறொன்றும் தேவைப்படவில்லை.

பின்னால் சோபா வந்தது, பிளாஸ்டிக் பாய் வந்தது. விருந்துக்கு வாடகை நாற்காலி வந்தது. ஜமக்காளம் பரணுக்குப் போயிற்று. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985இல் மத்திய அரசு சட்டம் போட்டது. அந்தப் பட்டியலில் இன்றும் ஜமக்காளம் இருக்கிறது. 2005 வாக்கில் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டியதைப் பவானிப் பெயரில் விற்கிறார்கள் என்று நெசவாளர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். விலை குறைவானதைப் பார்த்து நாம் எடுத்துக்கொண்டு வருகிறோம். குழித்தறியில் உட்கார்ந்து நெய்தவரின் பிள்ளை வேறு வேலைக்குப் போய்விடுகிறான். தறி நின்றால் சட்டம் யாருக்கு?

அதனால் கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஆளை வைக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே சுவருக்கு ஒரே வெளிர் நிறம் அடியுங்கள். சுவரில் தொங்குவதில் பாதியை எடுத்துவிடுங்கள். பிறகு பவானிக்குப் போய், கூடுதுறையில் சங்கமேசுவரரைக் கும்பிட்டுவிட்டு, கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்திலேயே ஜமக்காளம் எடுங்கள். போக முடியாதவர்களுக்குக் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும். பட்டை ரகம் என்றால் திருப்பிப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். பெரியதை ஹாலில் விரியுங்கள். சின்னதைத் திண்ணையிலோ கட்டில் அடியிலோ போடலாம். முதல் சலவையில் சாயம் கொஞ்சம் இறங்கும், தனியாக அலசி நிழலில் உலர்த்துங்கள்.

விரித்த பிறகு நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். மறக்காமல் என்னையும் கூப்பிடுங்கள். முழங்கால் வலி இருக்கிறது, ஆனாலும் ஜமக்காளம் என்றால் கீழே உட்கார்ந்துவிடுவேன்.