பாடத்தில் ஏறாத மலை

மலர்க் குழுவினர் "வரலாறு சம்பந்தமா ஏதாவது எழுதுங்க சார்" என்று கேட்டார்கள். அரசியல் அறிவியல் படித்தவனுக்கு வரலாறு பக்கத்து வீடுதானே, ஒப்புக்கொண்டேன்.

நம் சேலத்தில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் சேர்வராயன் மலை தெரியும். மூன்று வருஷம் அதைப் பார்த்துக்கொண்டேதான் அரசியலமைப்பைப் படித்தோம். 342-ஆவது பிரிவு, பழங்குடிப் பட்டியல். 330, 332, தொகுதி ஒதுக்கீடு. ஐந்தாம் அட்டவணையை மனப்பாடமாக ஒப்பிப்போம். அந்த அட்டவணைப் பகுதி தமிழ்நாட்டில் ஓர் அங்குலம்கூட இல்லை என்பதை யாரும் சொல்லித் தரவில்லை! பழங்குடி என்றால் நாகாலாந்து, சோட்டா நாகபுரி. எதிர்மலையில் இருப்பவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது.

லோகூர் குழு 1965-இல் வகுத்த ஐந்து அடையாளங்கள் மட்டும் தவறாமல் கேள்வித்தாளில் வரும். பழைமைக் கூறுகள், தனிப் பண்பாடு, ஒதுங்கிய இருப்பிடம், வெளியாரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. நாகலூர்ப் பக்கத்திலிருந்து வந்த நண்பன் ஒருவன் எங்கள் வகுப்பில் இருந்தான். கபடியில் அவன் போடும் சத்தம் கல்லூரி வாசல் வரை கேட்கும். அந்தப் பாடம் முடிந்ததும், "ஏண்டா, என்னைப் பார்த்தா கூச்சப்படுற ஆளு மாதிரியா இருக்கு?" என்றான். சிரித்தோம். வேறென்ன செய்வது?

அவன் மலையாளி. சொன்னாலே "கேரளாவிலே எந்த ஊரு?" என்பார்கள். "மலைய ஆண்டவங்கடா நாங்க" என்பான் அவன். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை என்று பிரிந்து குடியேறினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலிலும் அது உண்டு. ஆனால் ஏற்காடு வரலாறு என்று அச்சில் வருவதோ பெரும்பாலும் கலெக்டர் காக்பர்ன், காப்பித் தோட்டம், 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளி என்றுதான் ஓடும்.

இனச் சிறுபான்மை என்ற தலைப்பில் நாங்கள் படித்தது ஆங்கிலோ இந்தியரை மட்டுமே. 366(2)-இல் தந்தை வழியை வைத்து இலக்கணம் சொல்லியிருக்கிறார்கள். சட்டமன்றத்தில் அவர்களுக்கு இருந்த நியமன இடமும் 104-ஆவது திருத்தத்தால் 2020 ஜனவரியோடு போயிற்று. அவர்களும் எங்களுக்கு ஒரு பிரிவு எண்தான். அவர்கள் செய்த அரசியல் எதையும் படித்ததில்லை. வரைவுக் குழுவின் ஏழு பேரை எழுதச் சொன்னால் எழுதுவோம். அரசியல் நிர்ணய சபையில் பழங்குடிகளுக்காக வாதாடிய ஜெய்பால் சிங் முண்டா பெயர் தெரியாது. இத்தனைக்கும் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணித் தலைவர் அவர்!

தமிழக சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு இரண்டே இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். மக்களவையின் 39-இல் ஒன்றும் இல்லை. 'நோட்டா' பொத்தான் தமிழ்நாட்டில் முதலில் வந்தது 2013 டிசம்பர் 4 ஏற்காடு இடைத்தேர்தலில்தான். எங்கோ தேடிய பாடமெல்லாம் இங்கேயே நடந்துகொண்டிருந்தது.

இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி. பட்டியலில் 'மலையாளி' என்ற பெயரோடு சேலம், தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை என்று மாவட்டங்களையும் குறித்தார்கள். ஈரோடு அதில் இல்லை. அதனால் பர்கூர் மலையில் அதே மக்கள் சாதிச் சான்றிதழுக்காகப் பல்லாண்டாக அலைந்திருக்கிறார்கள். மலை ஏறியவனுக்கு மாவட்ட எல்லை எப்படித் தெரியும்? அந்த வரி எப்படி வந்தது, யார் கேட்டார்கள், யார் மறுத்தார்கள் என்று தேடிப் பிடித்தால் அருமையான ஆய்வுக் கட்டுரை. துறைத் தலைவர் மனது வைக்க வேண்டும். முதலில் ஏற்காட்டு ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு, பிறகு பர்கூர் போகலாம். பஸ் செலவை நம் சங்கம் ஏற்கட்டும். ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுதானே.